கண்ணில் மின்னல், மிதக்கும் புள்ளிகள், திடீர் மங்கல்: கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கண் விஷயத்தில் நம்மில் பலர் அவசரத்தை வலியை வைத்தே அளக்கிறோம். கண் சிவந்து எரிந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போகிறோம். ஒரு கண்ணின் ஓரத்தில் நிழல் விழுந்தால், "வலிக்கவில்லையே, அடுத்த மாதம் இனிப்பு நீர் (நீரிழிவு) கிளினிக் தேதி வருகிறது, அப்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பே கிடையாது. அது கிழிந்தாலும், இருந்த இடத்தைவிட்டு உரிந்துவந்தாலும், அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டாலும் துளி வலி இருக்காது. பார்வையை நிரந்தரமாகப் பறிக்கக்கூடிய கோளாறுகளில் பல இப்படித்தான் சத்தமில்லாமல் வருகின்றன.

அதனால் வலியை ஓரமாக வைத்துவிட்டு வேறு சில கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? திடீரென்று வந்ததா, மெதுவாகவா? எப்போது தொடங்கியது? இந்தப் பதில்கள் கையில் இருந்தால், எந்த மருத்துவமனைக் கதவை எவ்வளவு சீக்கிரம் தட்ட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம். என்ன நோய் என்று கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. நேரத்தோடு அவர் முன்னால் போய் உட்காருவது நம் வேலை.

படி 1: ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதியுங்கள்

கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்த வேண்டாம். சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியின் பெரிய எண்ணைப் பாருங்கள். முழு எண்ணும் தெரிகிறதா? நடுவில் கறுப்போ சாம்பலோ தெரிகிறதா? பார்வையை எண்ணிலிருந்து எடுக்காமல், அதன் மேல், கீழ், இரண்டு பக்கமும் மறைப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் வலது கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்யுங்கள்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். மாதக்கணக்கில் ஒரு கண் மங்கிக்கொண்டே வந்ததை, தூசி விழுந்து மற்றக் கண்ணைக் கசக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தவர்கள் நிறைய. மாதம் ஒருமுறை இப்படி மூடிப் பார்ப்பது, குறிப்பாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், நல்ல பழக்கம்.

அடுத்து, நம் வீட்டு ஜன்னல்களில் எல்லாம் இருக்கும் இரும்பு கிரில் கம்பிகளைப் பாருங்கள். குளியலறை ஓடுகளின் கோடுகளும் போதும். நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ, ஒரு துண்டு காணாமல் போனது போலவோ தெரிந்தால், கூர்மையான பார்வைக்குப் பொறுப்பான விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு இருக்கலாம்.

உருவம் இரண்டாகத் தெரிகிறது என்றால் ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்து ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று அர்த்தம். கண்ணை அசைக்கும் தசையோ நரம்போ மூளையோ காரணமாக இருக்கலாம். இது புதிதாக வந்திருந்தால் அன்றே காட்ட வேண்டும். மாறாக, ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்த கண்ணில் இரட்டையாகவே தெரிந்தால் பெரும்பாலும் கண்புரை, கண் வறட்சி, கண்ணாடி பவர் போன்றவைதான். அதற்கு ஓட வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பம். "இடது கண் தெரியவில்லை" என்று சொல்லும் சிலருக்கு உண்மையில் போயிருப்பது இடது கண் அல்ல. இரண்டு கண்களிலும் இடது பாதி போயிருக்கும். வலது கண்ணால் மட்டும் பார்த்தாலும் இடப்பக்கம் மறைந்திருந்தால், கோளாறு மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம். அது திடீரென்று வந்திருந்தால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்ததை எல்லாம் கைப்பேசியில் இரண்டு வரியாக எழுதி வையுங்கள்: எந்தக் கண், எத்தனை மணிக்குத் தொடங்கியது, இப்போதும் இருக்கிறதா, போய்விட்டதா, எவ்வளவு நேரம் இருந்தது, கூடவே தலைவலி, வாந்தி, கண் வலி உண்டா. அவசரப் பிரிவில் பதற்றத்தோடு நிற்கும்போது இந்த இரண்டு வரிகள் பெரிய உதவி.

படி 2: நடு ராத்திரி என்றாலும் போக வேண்டியவை

ஒரு கண்ணின் பார்வை சில நொடிகளில் அப்படியே இருண்டுவிட்டது, வலி இல்லை. விழித்திரைக்குப் போகும் முதன்மை ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். இது கண்ணுக்கு வரும் பக்கவாதம். அடைத்த ரத்தக்கட்டியை, ரத்தநாளம் வழியாகச் செலுத்தும் மருந்தால் கரைப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பதே முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான். பார்வை திரும்பாவிட்டாலும் போக வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் நாட்களில் மூளையிலும் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். ஆகவே கண் கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இருண்ட பார்வை ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகத் திரும்பிவிட்டாலும் இதே விதிதான். "சரியாகிவிட்டதே" என்று வீட்டிலிருப்பது தவறு. அடுத்த கட்டி கண்ணுக்குத்தான் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டாலே தலைத்தோல் வலிப்பது, மெல்லும்போது தாடை வலிப்பது ஆகியவையும் கூட இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம்மிடையே இது அரிது, ஆனால் அடுத்த கண்ணையும் காவு வாங்கக்கூடியது.

பாதிப் பார்வை மறைவதோடு வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் சேர்ந்தால் 999. புதிதாக இரட்டைப் பார்வை வந்து, அந்தப் பக்க இமை தொங்கி, கண்மணி விரிந்து, தலைவலியும் இருந்தால் அதுவும் 999. மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கலாம்.

கடுமையான கண் வலி, அதே பக்கம் தலைவலி, வாந்தி, விளக்குகளைச் சுற்றி வானவில் வளையம், சிவந்த கண், புகை மூடியது போன்ற பார்வை: கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறும் ஒருவகை கண் அழுத்த நோய் இது. ஆசியர்களிடையே, அதிலும் ஐம்பது தாண்டிய பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது. வாந்தியும் தலைவலியும் முன்னால் நிற்பதால் இதைக் காஸ்ட்ரிக் என்றோ வயிற்றில் காற்று என்றோ நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில சளி மாத்திரைகளும் இதைத் தூண்டிவிடலாம். தலைவலியோடு ஒரு கண் மட்டும் சிவந்து மங்கினால் அந்த இரவே கிளம்புங்கள். மணிக்கணக்கில் அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு கெட்டுவிடும்.

ரசாயனம் பட்டால் மட்டும் வரிசை மாறும்: முதலில் தண்ணீர், பிறகுதான் மருத்துவமனை. சிங்க் அடைப்பு நீக்கும் திரவம், சிமெண்ட், பேட்டரி அமிலம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு என்று எதுவாக இருந்தாலும் சரி. சுண்ணாம்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காரப் பொருள்கள் அமிலத்தைவிட ஆழமாக அரித்துக்கொண்டு உள்ளே போகும். குழாய்த் தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெண்ணெய் எதையும் விட வேண்டாம்.

புல்வெட்டும் மெஷினிலிருந்து கல் தெறித்தாலோ, சுத்தியல் அடிக்கும்போது இரும்புத் துகள் பறந்து வந்து பட்டாலோ இதற்கு நேர் எதிர்: கழுவ வேண்டாம், கசக்க வேண்டாம், குத்தி நிற்பதைப் பிடுங்க வேண்டாம். ஒரு காகிதக் குவளையைக் கண்ணின்மேல் கவிழ்த்து, டேப் ஒட்டி, அழுத்தாமல் கொண்டுபோங்கள்.

கடைசியாக, வெளியில் பேசக் கூச்சப்படும் ஒன்று. மலிவு மதுவோ சம்சுவோ குடித்த மறுநாள், கண் முன்னால் பனி கொட்டுவது போல வெள்ளையாக மங்கினால் அது மெத்தனால் விஷமாக இருக்கலாம். 2018 செப்டம்பரில் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இப்படிக் கலப்பட மது குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். பிழைத்தவர்களுக்கும் பார்வை போகக்கூடிய விஷம் இது. விஷ முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். அதே போத்தலில் குடித்த மற்றவர்களையும், அவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கூட்டிக்கொண்டு போங்கள். அவமானம் பார்க்கும் நேரம் அல்ல.

படி 3: மின்னலும் மிதக்கும் புள்ளிகளும் - 24 மணி நேரத்துக்குள்

கண்ணின் பின்பகுதி முழுவதும் ஒரு தெளிவான கூழ் நிறைந்திருக்கிறது. வயது ஏற ஏற அந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, ஒட்டியிருந்த விழித்திரையிலிருந்து விலகும். ஐம்பதுக்கு மேல் பெரும்பாலோருக்கு இது என்றாவது நடக்கும். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை செய்தவர்களுக்கும் முன்னதாகவே நடக்கலாம். விலகும் கூழ் விழித்திரையைப் பிடித்து இழுக்கும்போது, மூளை அந்த இழுப்பை ஒளி என்று புரிந்துகொள்கிறது. அதுதான் ஓரக்கண்ணில் வெட்டும் மின்னல். இருட்டில், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது நன்றாகத் தெரியும். கூழில் மிதக்கும் இழைகளின் நிழல் விழித்திரைமேல் விழுவதுதான் கொசு, நூல், சிலந்தி வலை போலத் தெரியும் புள்ளிகள்.

பல வருடமாக இருக்கும் ஒன்றிரண்டு புள்ளிகள், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது மட்டும் தெரிபவை, பெரும்பாலும் கெடுதல் செய்யாதவை. நாம் தேட வேண்டியது மாற்றத்தை. புதிதாக மின்னல் வந்தது. புதிதாகப் புள்ளிகள் வந்தன. இருந்த புள்ளிகள் திடீரென்று கூடிவிட்டன. மிளகுத்தூள் தூவியது போலப் பொடிப் பொடியாகக் கொட்டின. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் 24 மணி நேரத்துக்குள் கண்மணியை விரித்துப் பரிசோதிக்க வேண்டும். இப்படிப் புதிய அறிகுறிகளோடு போகிறவர்களில் பத்துக்கு ஒருவர், சில ஆய்வுகளின்படி அதைவிடச் சற்று அதிகம் பேர், விழித்திரையில் கிழிசலோடு இருக்கிறார்கள்.

கிழிசல் மட்டும் என்றால் வேலை எளிது. அதைச் சுற்றி லேசரால் பற்றவைத்து ஒட்டுகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம். விட்டுவிட்டால், நீர் கிழிசல் வழியாகப் பின்னால் புகுந்து, ஈரச் சுவரிலிருந்து பெயிண்ட் உரிவதுபோல விழித்திரையை உரித்துக்கொண்டே போகும். அப்போதுதான் அந்தத் திரை தெரியும்: கீழிருந்தோ, மேலிருந்தோ, ஒரு பக்கத்திலிருந்தோ ஏறிவரும் கறுப்பு அல்லது சாம்பல் நிழல். நிழலின் எல்லை நடுப்பார்வையைத் தொடுவதற்கு முன்பே அறுவை செய்தால், நல்ல பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். தொட்டுவிட்டால் விழித்திரையை மீண்டும் ஒட்டவைத்தாலும் பழைய கூர்மை பலருக்குத் திரும்புவதில்லை. திரை தெரிந்தால் 24 மணி நேரம்கூட வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

என் சித்தப்பாவுக்கு இது நடந்தபோது தீபாவளிக்குச் சில நாட்கள்தான் இருந்தன. "வலியே இல்லைப்பா, பெருநாள் முடியட்டும், பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள்" என்றார். சித்தி எவ்வளவோ சொல்லியும் அசையவில்லை. முறுக்குச் சுடும் அடுப்புப் புகைதான் காரணம் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். பண்டிகை முடிந்து போனபோது நடுப்பார்வையும் போயிருந்தது. அறுவை நன்றாகத்தான் நடந்தது. இன்று அந்தக் கண்ணால் ஆள் நடமாட்டம் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. அவர் அலட்சியக்காரர் அல்ல, எதற்காகவும் குடும்பத்தைத் தொந்தரவு செய்ய விரும்பாதவர். நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவர்கள் வாய் திறந்து "கொஞ்சம் நிழலாட்டம்" என்று சொன்னால் அதை முழு அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டியது பிள்ளைகள்தான்.

முதல் பரிசோதனையில் கிழிசல் எதுவும் இல்லை என்று சொன்னாலும் கதை முடியவில்லை. கூழ் விலகி முடிக்கச் சில வாரங்கள் ஆகலாம், அதற்குள் கிழிசல் வரலாம். நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். தவறாமல் போங்கள். இடையில் புள்ளிகள் கூடினால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இதையும் ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் ஒளியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒற்றைத் தலைவலி ஒளி இரண்டு கண்ணிலும் இருக்கும், கண்ணை மூடினாலும் தெரியும். பளபளக்கும் ரம்பப்பல் கோடாகத் தொடங்கி, மெல்லப் பெரிதாகி நகர்ந்து, ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுதாகப் போய்விடும். பின்னால் தலைவலி வரலாம், வராமலும் போகலாம். விழித்திரை மின்னலோ ஒரு கண்ணில், ஓரத்தில், நொடிப்பொழுதில் வெட்டி மறையும். வாழ்நாளில் முதல்முறையாக, அதுவும் நாற்பது வயதுக்கு மேல் ரம்பப்பல் ஒளி தெரிந்தால், ஒற்றைத் தலைவலி என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: இனிப்பு நீர் இருக்கிறதா? உங்கள் கணக்கே வேறு

மலேசியாவின் தேசிய உடல்நல ஆய்வு 2019இல் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. 2023 ஆய்வில் அது 15.6 சதவீதம். இன மக்களில் இந்தியர்களிடமே இது அதிகம். நம் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் மாத்திரைப் பெட்டி ஒன்று இருக்கும்.

சர்க்கரை விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்களைக் கசியவைக்கும், அடைக்கும். பின்னாளில் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து, ஒருநாள் வெடித்து ரத்தம் கொட்டும். அந்த நாள் வரைக்கும் பார்வை நன்றாக இருக்கலாம் என்பதுதான் கொடுமை. "எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது" என்பது கண் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. இரண்டாம் வகை நீரிழிவு என்றால் கண்டுபிடித்த உடனே ஒரு கண் பரிசோதனை, பிறகு எல்லாம் சரியாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா பல இடங்களில் இருக்கிறது. "இந்த வருடம் கண் படம் எடுத்தாயிற்றா?" என்று நீங்களே தாதியிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும் நீரிழிவுக்காரப் பெண்களுக்கு இன்னும் அடிக்கடி தேவை. இன்சுலின் தொடங்கிச் சர்க்கரை வேகமாக இறங்கும் மாதங்களில் விழித்திரை சற்று மோசமாகலாம். அதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது, கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

திடீரென்று புகை படர்ந்தது போல, சிவப்போ கறுப்போ ஆன இழைகள் கொட்டினால் அது உள்ளே ரத்தக்கசிவு. 24 மணி நேரக் கணக்கு இதற்கும் பொருந்தும். அதுவரை தலையை உயர்த்திப் படுங்கள், கேஸ் தோம்பு போன்ற பாரங்களைத் தூக்க வேண்டாம்.

இதற்கு மாறாக, காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி என்று மங்கலும் தெளிவுமாக மாறிக்கொண்டே இருந்தால், சர்க்கரை ஏறி இறங்குவதால் கண் லென்ஸ் உப்பிச் சுருங்குகிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில் புதுக் கண்ணாடிக்குப் பணம் கட்டாதீர்கள். சர்க்கரை சில வாரம் நிலையாக நின்ற பிறகு அளவெடுங்கள்.

"லேசர் போட்டதால்தான் அவர் கண் போச்சு" என்ற பேச்சு நம்மிடையே ரொம்ப நாளாக உலவுகிறது. நீரிழிவுக்கு லேசர் போடுவது இருக்கும் பார்வையைக் காப்பாற்ற, போனதைக் கொண்டுவர அல்ல. மிகத் தாமதமாகப் போகிறவர்களுக்கு, லேசருக்குப் பிறகும் நோய் முற்றிப் பார்வை குறையலாம். பழி லேசர்மேல் விழுகிறது. கண்ணுக்குள் போடும் ஊசியையும் கேட்டவுடன் பயப்படுகிறோம். மரத்துப்போகும் சொட்டு விட்டு, மிக மெல்லிய ஊசியால் சில நொடிகளில் போட்டுவிடுவார்கள். நடுப்பகுதியில் வீக்கம் உள்ளவர்களுக்கு இழந்த பார்வையில் ஒரு பங்கைத் திருப்பித் தரக்கூடிய மருந்து அது. பயத்தால் மட்டும் அதை மறுத்துவிடாதீர்கள்.

படி 5: ஓரிரு நாளில் காட்ட வேண்டியவையும், நாள் குறித்துப் போகலாம் என்பவையும்

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே போங்கள், லென்ஸையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு. கருவிழியில் தொற்று ஓரிரு நாளில் துளையிட்டுவிடலாம். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்கி விடுவதும், பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததை விடுவதும் இதை இன்னும் கெடுக்கும். அந்தச் சொட்டுகளை நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம்.

கிரில் கம்பி வளைந்து தெரிவது வயதானவர்களுக்குப் புதிதாக வந்தால் ஓரிரு நாளில் காட்டுங்கள். விழித்திரை நடுப்பகுதித் தேய்வில் ஈர வகை என்று ஒன்று உண்டு. ஊசியால் கட்டுப்படுத்தலாம், நாள் தாழ்ந்தால் தழும்பாகிவிடும். முப்பது, நாற்பது வயது ஆண்களுக்கு நடுவில் வட்டமாக மங்கல் விழுந்தால் பலசமயம் விழித்திரைக்குக் கீழே நீர் கோத்திருக்கும். இதற்கு ஸ்டீராய்டும் ஒரு காரணம். உடல் வலிக்கு என்று விற்கும் பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. நீங்கள் அப்படி எதையாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிடுகிறவர்களுக்கு நிறம் மங்கினால், குறிப்பாகச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், அடுத்த மாத்திரைக்கு முன்பே சிகிச்சை தரும் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். குழந்தையின் புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, அந்த வாரத்திலேயே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழித்திரைப் புற்றுநோய் அரிதுதான், ஆனால் கண்ணோடு உயிரும் சம்பந்தப்பட்டது.

மெதுவாக வரும் மங்கல், இரவில் ஃபெடரல் ஹைவேயில் எதிர்வரும் விளக்கு கண்ணைக் கூசவைப்பது, அடிக்கடி பவர் மாறுவது எல்லாம் பெரும்பாலும் கண்புரை. நாள் குறித்துப் போகலாம். கண் அழுத்த நோயின் மெதுவான வகை எந்த அறிகுறியும் காட்டாமல் ஓரப்பார்வையைத் தின்னும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் நாற்பது வயதிலிருந்து அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: எங்கே போவது, என்ன கொண்டுபோவது

படி 2இல் சொன்னவற்றுக்கும் திரைக்கும் நேராக அவசரப் பிரிவு. ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், வடக்கே இருப்பவர்களுக்கு செலாயாங் மருத்துவமனை ஆகியவற்றில் கண் பிரிவு உண்டு. இரவில் அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் பார்த்து, பணியில் இருக்கும் கண் மருத்துவரைக் கூப்பிடுவார். பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கேயோ மற்றத் தனியார் மருத்துவமனைக்கோ போவதென்றால் முதலில் போன் செய்து, "புதிதாக மின்னல், புள்ளிகள். விழித்திரை மருத்துவர் இன்று பார்ப்பாரா?" என்று கேளுங்கள்.

புதிய மின்னலுக்கும் புள்ளிக்கும், பகலில் கிளினிக் கெசிஹாத்தான் வழியாகவும் போகலாம். ஆனால் பரிந்துரைக் கடிதத்தை வாங்கும்போது அது அன்றைய அவசரத்துக்கானதா, மாதங்கள் கழித்து வரும் தேதிக்கானதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணாடிக் கடையிலுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையை நன்றாக அளப்பார், சிலரிடம் கேமராவும் இருக்கும். ஆனால் விழித்திரையின் ஓரக் கிழிசலைக் கண்டுபிடிக்க, சொட்டு விட்டுக் கண்மணியை விரித்து மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சாதாரண வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்குக் கட்டணம் இதைவிட அதிகம். ஆனால் வேலையிடத்தில் கண்ணில் அடிபட்டால் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. எப்படி நடந்தது என்பதை அவசரப் பிரிவில் உள்ளபடி சொல்லி, பதிவு செய்ய வையுங்கள்.

மைகார்டு அல்லது பாஸ்போர்ட், போடும் கண்ணாடி, எல்லா மருந்துகளும், கிளினிக் புத்தகம், கூட ஓர் ஆள். கண்மணி விரியும் சொட்டு விட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். மோட்டாரோ காரோ ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்தில் கோலாலம்பூர் மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

பதிவு முகப்பில் "கண் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பின்வரிசையில் உட்கார வைத்துவிடலாம். அறிகுறியைச் சொல்லுங்கள். "மாத்தா கீரி சாயா தீபா-தீபா காபூர், மூலா செமாலாம்" என்றால் இடது கண் நேற்றிலிருந்து திடீரென மங்கிவிட்டது. வலது கண் என்றால் "கீரி" இருக்கும் இடத்தில் "கானான்". மின்னலுக்கும் கறுப்புப் புள்ளிக்கும் "நம்பாக் கிலாட் டான் பிந்திக் ஹீத்தாம்". திரை மூடுவதற்கு "மாச்சாம் அடா லங்சீர் தூத்தூப்". தனியாகப் போகும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

விழித்திரை பிரிந்ததற்கு அறுவை செய்யும்போது, பலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை வைப்பார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைத்து, வாயுவின் வகையைப் பொறுத்து ஓரிரு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் தானாகக் கரையும். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும், எத்தனை நாள் குனிந்தே இருக்க வேண்டும் என்று சொல்வதை எழுதி வாங்குங்கள். குமிழ் கரையும் வரை விமானம் ஏறக் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து குமிழ் விரியும், கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். சென்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தால் தள்ளிவையுங்கள். கெந்திங், கேமரன் மலைக்கும் இதே தடை. வேறு எந்த மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பும், பல் சிகிச்சையில்கூட, கண்ணில் வாயு இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பார்வை முழுதாகத் திரும்பாதவர்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. நடமாடவும், வேலை செய்யவும், கைப்பேசியைக் குரல் வழியாகப் பயன்படுத்தவும் பயிற்சிகள் தரும் அமைப்பு அது. சமூக நல இலாகாவில் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிய மருத்துவர் பார்வை அளவை உறுதிப்படுத்தித் தர வேண்டும். அடுத்த கண் பரிசோதனைக்குப் போகும்போதே படிவத்தைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.